சீகிரியா: ஒரு தலைநகரின் பெயர் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் எல்லைக்குள்ளே, ஒருகாலத்தில் இலங்கை அரசின் தலைநகராய் விளங்கிய இடமொன்று உளது. மாத்தளையினின்றும் வடக்கே நாவுலை, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து, ஹபரணைக்குச் செல்லும் பெருந்தெருவில் இனாமலுவை என்னுமிடத்திற் கிழக்கே திரும்புவோர், காட்டின் நடுவே தனித்து நிற்கும் பெரும்பாறை ஒன்றைக் காண்பர். சூழவுள்ள நிலத்தினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அப்பாறையும், அதன் அடியிலுள்ள அகழி, மதில், நீர்ப்பூங்கா முதலியனவும், கி.பி. 477 முதல் 495 வரை முதலாம் காசியப்பன் வீற்றிருந்து அரசாண்ட நகரின் எச்சங்களாம். 1982ஆம் ஆண்டில் அவை உலக மரபுரிமைச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பெற்றன. அந்நகரின் ஓவியங்களைப் பற்றியும் நீர்ப்பொறிகளைப் பற்றியும் அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அதன் பெயர் பல மொழிகளிற் பெற்ற வடிவங்களை ஆராய்ந்து, தமிழில் அதனை எவ்வாறு எழுதுதல் பொருந்தும் எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நகரின் வரலாற்றைக் கூறும் முதன்மையான நூல், பாளி மொழியில் அமைந்த சூளவமிசம். தந்தையாகிய தாதுசேனனைக் கொல்வித்து அரசுகட்டில் ஏறிய காசியப்பன், இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற உடன்பிறந்தானாகிய மொகல்லானனுக்கு அஞ்சி, மக்கள் ஏறுதற்கரிய 'சீஹகிரி'யை அடைந்தான் என அந்நூலின் 39ஆம் அதிகாரம் கூறும். அவன் மலையைச் சுற்றிக் காடு வெட்டித் திருத்தி, மதில் எழுப்பி, சிங்க வடிவிற் படிக்கட்டு மனைகளை அமைத்தான் என்றும், அதனாலேயே அவ்விடம் அப்பெயர் பெற்றது என்றும் நூலாசிரியர் விளக்குகின்றார். மலைமேல் அவன் கட்டிய மாளிகையை 'அலகமந்தா'வுக்கு ஒப்பிட்டு, அதில் அவன் குபேரனைப்போல் வாழ்ந்தான் என்றும் அவர் உரைப்பர். அலகமந்தா என்பது நம் புராணங்கள் அளகாபுரி எனக் கூறும் குபேரன் நகரேயாம். அஃது உவமையாய் வந்தது. நகரின் பெயராக அந்நூல் தருவது சீஹகிரி ஒன்றே. 'சீஹ' என்பது வடமொழிச் 'சிம்ஹ' என்பதன் பாளி வடிவம். 'கிரி' என்பது மலை. ஆகவே பெயரின் பொருள் சிங்கமலை என்பதாயிற்று.

நூலாசிரியர் கூறும் பெயர்க்காரணத்தை அவ்வாறே ஏற்றல் தகுமோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. ஊர்ப்பெயர்களுக்குப் பின்னாளிற் கதை புனைதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம். கொழும்பு நகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், கண்டியரசிற் சிறையிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், இலைமட்டும் தழைத்துக் காய்க்காத மாமரம் ஒன்று அங்கு நின்றமையால், இலையைக் குறிக்கும் 'கொல' என்பதும் மாவைக் குறிக்கும் 'அம்ப' என்பதும் சேர்ந்து அப்பெயர் உண்டாயிற்று என்றனர். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அராபிய யாத்திரிகராகிய இபன் பதூதா அத்துறைமுகத்தைக் 'கலன்பு' என்னும் பெயராற் குறித்துள்ளார். மாமரக் கதைக்கு அச்சொல்லின் ஒலி இடங்கொடுக்கின்றது என்பதல்லால் வேறு சான்று இல்லை.

சிங்கமலையின் நிலையோ வேறு. தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச். சி. பி. பெல் என்பார் 1894ஆம் ஆண்டளவில் அங்கு ஆய்வு தொடங்கினார். 1898இல் பாறையின் வடபுறத் தளத்தில் மண்மேட்டை அகற்றியபோது, செங்கல்லாலும் சுதையாலும் அமைந்த இரு பெரும் சிங்கப்பாதங்கள் வெளிப்பட்டன. அப்பாதங்களின் நடுவேதான் உச்சிக்குச் செல்லும் படிகள் உள்ளன. உடலும் தலையும் அழிந்தொழிந்தன; பாதங்கள் மட்டும் நின்று பழைய நூலின் சொல்லை மெய்ப்பித்தன. கதையும் கல்லும் ஒன்றுக்கொன்று சான்றாய் நிற்கும் ஊர்ப்பெயர்கள் மிகச் சிலவே, அவற்றுள் இஃதொன்று.

இனி அப்பெயர் சிங்கள மொழியிற் பெற்ற மாற்றங்களை நோக்குவோம். நகர் அரசிருக்கை என்னும் நிலையை இழந்து, பௌத்த துறவிகள் வாழும் இடமாய் மாறிய பின்னர், பல நூற்றாண்டுகளாக மக்கள் அதனைக் காணச் சென்றனர். அவர்கள் பாறையோரத்துப் பளபளப்பான சுவரிலே தம் எண்ணங்களைப் பாடல்களாகக் கீறி வைத்தனர். பேராசிரியர் செனரத் பரணவிதான அப்பாடல்களுள் 685ஐப் படித்து, 1956ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலன எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. ஓவியத்துப் பெண்களையே பெரிதும் பாடிய அம்மக்களுள் சிலர், சிங்கத்தைக் கண்டமையையும் குறித்துச் சென்றனர். அவர்கள் வழங்கிய பெயர் 'சிஹிகிரி' என்பது.

பாளியிற் 'சீஹ' என நெடிலாய் இருந்தது இங்கே 'சிஹி' எனக் குறுகியதேன்? பழஞ்சிங்களத்தில் நெட்டுயிர்கள் பெரும்பாலும் குறுகிவிட்டன என்பது மொழிநூலார் கண்ட உண்மை. பின்னர் இரண்டு உயிர்களின் இடையே நின்ற ஹகரம் தேய்ந்து மறைய, இரு குற்றிகரங்களும் கூடி மீண்டும் ஈகாரம் ஆயின. அதனாற் சிஹிகிரி 'சீகிரி' ஆயிற்று. அதனோடு அஃறிணை ஒருமைப் பெயர்களில் வரும் 'ய' என்னும் ஈறு சேரச் 'சீகிரிய' ஆயிற்று. இவ்வகைத் திரிபு தமிழ் மாணாக்கருக்குப் புதியதன்று. 'மிகுதி' என்பது 'மீதி' எனவும், 'பகுதி' என்பது 'பாதி' எனவும், 'துகள்' என்பது 'தூள்' எனவும் நம் மொழியில் மருவியுள்ளன. இடையெழுத்து ஒன்று மறையும்போது, மறைந்ததற்கு அடையாளமாக முன்னின்ற உயிர் நீள்கின்றது. ஆகவே இன்றைய பெயரிலுள்ள 'சீ' என்னும் நெடில் ஒன்றே சிங்கத்தின் எச்சமாய் நிற்பது. அந்நெடிலை நீக்கினால் சிங்கமும் நீங்கிவிடும்.

'சிஹி' என்னும் சொல் சிங்களத்தில் நினைவு என்னும் பொருளிலும் வழங்கும். அதுபற்றி இம்மலையை நினைவுமலை எனக் கொள்ளுதற்கு ஒலியளவில் இடமுண்டு. ஆயினும், பாளி நூலிற் காணும் சீஹ என்னும் வடிவமும், வடதளத்திற் கிடக்கும் பாதங்களும் சிங்கத்தின் பக்கமே சான்று பகர்கின்றன.

சிங்கத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் புகுந்த வரலாறும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. வடமொழியிலுள்ள மூக்கொலியைப் பேணிய வடிவங்கள் 'சிங்கம்', 'சிம்மம்' என்பன. மூக்கொலி கெட்டு உயிர் நீண்ட பிராகிருத வடிவமாகிய 'சீஹ' என்பதினின்றும் பிறந்தது 'சீயம்'. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரை ஆதரித்த 'சீயகங்கன்' என்னும் அரசனின் பெயரில் இச்சொல்லை மாணாக்கர் அனைவரும் கண்டிருப்பர். சீஹகிரியின் 'சீஹ' என்பதும் சீயகங்கனின் 'சீய' என்பதும் ஒரே சொல்லின் இரு கிளைகளே. எனவே சீகிரியா என்னும் பெயரின் முதற்பாகம் தமிழுக்கு முற்றிலும் அயலான ஒலியன்று.

சிங்கத்தின் பெயரைத் தாங்கிய தலைநகர் இஃதொன்றேயன்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் 'சிங்கைநகர்' எனப்பட்டது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியனைக் குறிப்பிடுகின்றது. அந்நகர் நல்லூரே என்பாரும், வல்லிபுரப் பகுதியில் இருந்தது என்பாரும் உளர். கடல் கடந்து நோக்கின், மலாய் வரலாற்று மரபு சிங்கத்தைக் கண்டு பெயரிட்டதாகக் கூறும் 'சிங்கபுர' என்பது, இன்று சிங்கப்பூர் என்னும் குடியரசின் பெயராய் விளங்குகின்றது. வரலாற்றுக் காலத்து இலங்கையிலோ சிங்கப்பூரிலோ சிங்கம் காட்டில் வாழ்ந்ததில்லை. அரச வலிமையின் குறியாகவே அவ்விலங்கு ஊர்ப்பெயர்களில் ஏறிற்று. இம்மூன்று நகர்களுள்ளும், பெயருக்குரிய சிங்கத்தைக் கண்ணாற் காட்டி நின்றது சீகிரியா.

அயல்மொழியார் இப்பெயரை இருவகையாகக் கையாண்டனர். பொருளை மொழிபெயர்த்தல் ஒருவகை. ஒலியை எழுத்திற் பெயர்த்தல் மற்றொரு வகை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகர் பாகியன், இத்தீவு முழுவதையுமே சிங்கநாடு எனப் பொருள்படும் பெயரால் வழங்கினார். அவ்வழியே இன்றைய சீனரும் இம்மலையைச் சிங்கப்பாறை எனத் தம் மொழியில் மொழிபெயர்த்துக் கூறுவர். ஜேர்மானியரும் அவ்வாறே செய்வர். ஆங்கிலேயர் பொருளையும் ஒலியையும் ஒருங்கே ஆண்டனர். 1875ஆம் ஆண்டில் வேத்தியல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் இந்நகரைப் பற்றிக் கட்டுரை எழுதிய றைஸ் டேவிட்ஸ் என்னும் பாளி அறிஞர், இறுதி 'ய' இன்றிச் 'சீகிரி' என்னும் வடிவத்தையே தலைப்பில் வைத்து, சிங்கப்பாறை என்னும் பொருளையும் உடன் தந்தார். பின்னர் 'ய' ஈற்று வடிவமே ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஆங்கில எழுத்துகளுக்குக் குறில் நெடில் வேறுபாடு காட்டும் இயல்பு இல்லை. அறிஞர் நூல்களில் எழுத்தின்மேல் இடும் கோடு பொதுமக்கள் ஏடுகளில் வருவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவோர் நெடிலை விட்டமை அவர்தம் எழுத்தின் குறையேயன்றி வேறன்று.

தமிழ் எழுத்துக்கு அக்குறை இல்லை. அவ்வாறிருந்தும் நம் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் பெரும்பாலும் 'சிகிரியா' எனக் குறிலாகவே இப்பெயர் வழங்குகின்றது. அவ்வடிவம் சிங்களரின் வாய்மொழியைக் கேட்டு எழுந்ததன்று. ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுந்தது எனக் கருதுதற்கு, நம் மாவட்டத்துப் பிற ஊர்ப்பெயர்களே துணைபுரிகின்றன. 'மாதலே' என ஒலிக்கும் சிங்களப் பெயரைத் தமிழர் 'மாத்தளை' என்றனர். தனித் தகரம் இடையில் நின்றால் மென்மையுற்று ஒலிக்கும் ஆதலின், வல்லொலியைக் காத்தற்கு ஒற்று மிகுத்தனர். ஏகார ஈற்றை, தமிழ்ப் பெயர்க்கு இயல்பான ஐகாரமாக்கினர். 'தம்புல்ல' என்பது 'தம்புள்ளை' ஆயிற்று. மாவட்டத்துக்கு அப்பால் 'அனுராதபுர' என்பது 'அநுராதபுரம்' ஆயிற்று. இவை யாவும் செவிவழி வந்தவை. தமிழின் ஒலிமரபுக்கு இசைந்தவை. பல தலைமுறைகளாக அவ்வூர்களில் வாழ்ந்தும் வணிகஞ் செய்தும் வந்த மக்களின் செவியும் நாவும் அவற்றை ஆக்கின.

சீகிரியாவோ பல நூற்றாண்டுகள் காடடர்ந்து கிடந்த இடம். அங்கு நிலையாகக் குடியிருந்து, அதன் பெயரை நாள்தோறும் வழங்கிய தமிழ் மக்கள் இலர். ஆதலின் அப்பெயர் அச்சிட்ட ஏட்டின் வழியே நம்மை வந்தடைந்தது. முதலெழுத்திற் குறில் நிற்பதும், இறுதியில் அகரம் ஐகாரமாகவோ அம் ஈறாகவோ மாறாது ஆகாரமாய் நீண்டு நிற்பதும் அதற்கு இரு குறிகளாம். செவிவழி வந்திருப்பின், நீலகிரி, சிவகிரி என்பனபோலச் 'சீகிரி' என்றே அது தமிழில் அமைந்திருத்தல் கூடும்.

ஓர் எழுத்தின் மாத்திரைக்காக இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே எமது துணிபு. குறிலாக எழுதுங்கால் தமிழறிந்தார் செவியில் மலையைக் குறிக்கும் 'சிகரி', 'சிகரம்' என்னும் சொற்களே எதிரொலிக்கின்றன. மலை ஒன்றுக்கு அச்சொல் மிகப் பொருந்துவதுபோற் தோன்றுதலால், பிழை பிழையெனத் தோன்றாது நிலைபெற்றுவிடும். நாளை ஒரு மாணாக்கன் சிகரி என்பதே சிகிரியா ஆயிற்று எனக் கட்டுரை வரைவானாயின், அவனைக் குறைகூறல் இயலாது. நாம் எழுதிக் கொடுத்த வடிவமே அவனை அவ்வழியிற் செலுத்தியதாகும். ஊர்ப்பெயர் மருவுதல் குற்றமன்று. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், கோயம்புத்தூர் கோவை ஆனதும் மக்கள் நாவில் நிகழ்ந்த மரூஉக்கள்; மூலத்தின் முதலெழுத்தை அவை கைவிடவில்லை. சிகிரியா என்பதோ நாவில் மருவியதன்று. கண்ணால் எழுத்தைக் கூட்டிப் படித்ததனால் நேர்ந்த வழு.

பழகிய பெயரை முற்றும் மாற்றுதல் அரிது. 'யா' என்னும் ஈறு நூல்களிலும் பெயர்ப்பலகைகளிலும் வேரூன்றிவிட்டது; அதனை அகற்ற முயல்தல் தேவையன்று. முதலெழுத்தை மட்டும் நெடிலாக்கிச் 'சீகிரியா' என எழுதுதல் எளிது. ஏற்கனவே அவ்வாறு எழுதுவோரும் உளர். ஆசிரியர் கரும்பலகையிலும், மாணாக்கர் தம் ஏட்டிலும் அவ்வாறே எழுதத் தொடங்குவாராயின், அயல்மொழியாரின் பெயரை அவர் ஒலிக்கும் முறையில் மதித்து எழுதிய நன்மையும், சீயம் என்னும் பழஞ்சொல்லின் உறவை மறவாத நன்மையும் ஒருங்கே எய்தும். வடதளத்தில் எஞ்சியவை இரண்டு பாதங்கள். பெயரில் எஞ்சியது ஒரு நெடில். பாதங்களைத் தொல்பொருள் திணைக்களத்தார் காத்து வருகின்றனர். நெடிலைக் காத்தல் எழுதுவோராகிய நம் கடன்.