அதே கப்பலா இந்த வருஷமும்?

பழகின மளிகைக் கடை, பழகின தையல்காரர், பழகின டாக்டர் – இவர்களை நாம் லேசில் மாற்றுவதில்லை. நம்முடைய தேவை அவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய குணம் நமக்குத் தெரியும். உல்லாசக் கப்பல் விஷயத்திலும் எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மூன்று தடவை ஒரே கப்பல். நாலாவது தடவை மாற்றினோம். ஏன் மாற்றினோம், அதில் எது கிடைத்தது, எது போயிற்று என்று சொன்னால், லீவுக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக் கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது.

"நெய்வேலிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் கடல் இல்லைதான். கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கே பஸ் ஏறித்தான் போக வேண்டும். இங்கே இருப்பதெல்லாம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், மரங்களும், நம்பர் போட்ட வட்டங்களும், குவார்ட்டர்ஸ் வீடுகளும்தான். என் கணவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். காலை ஷிஃப்ட், மதியம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று அவருக்கு மாறி மாறி வரும்; என் அடுப்புக்கோ மூன்று ஷிஃப்டும் ஒரே நாளில்! ஊட்டிக்குப் போனாலும் "அடுத்த வேளை எங்கே சாப்பிடறது?" என்று நாம்தானே தேட வேண்டியிருக்கிறது? அடுப்பே கண்ணில் படாத மூன்று நாள் என்றதும் கப்பல் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

மனப்பாடமான கப்பல்

2022 ஜூனில் கார்டிலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட ஆரம்பித்தது. 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டு, வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் பல வருஷம் ஓடிவிட்டு நம் நாட்டுக்கு வந்த கப்பல். பதினோரு தளம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அந்த வருஷமே போய் வந்தோம். 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பக்கம் போகத் தொடங்கியதும், அதிலும் ஏறினோம். அடுத்த தடவை நாத்தனார் வீட்டுக்குப் பம்பாய் போனபோது, அங்கிருந்து கோவா வரை.

கப்பலின் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் தடவை கரை மறைந்து சுற்றிலும் நீலமாக ஆனபோது, என் மகன் வாயைப் பிளந்தவன் மூடவே இல்லை! ஆனால் மூன்றாவது தடவை? மகள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எல்லாம் பார்த்ததுதானேம்மா" என்றாள். கணவர் அறையிலேயே தூங்கினார். நானோ நடமாடும் விசாரணை நிலையம் ஆகிவிட்டேன். "அம்மா, நீச்சல் குளத்துக்குத் துண்டு எங்கே தருவாங்க?" "லிஃப்ட் எந்தப் பக்கம்மா?" "ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! வீட்டில் உப்பு ஜாடி எங்கே, சாவிக் கொத்து எங்கே என்று கேட்பதைப் போலக் கப்பலிலும் கேள்விகள். நடுக்கடலில் இருந்தாலும் நான் எங்கள் வட்டத்து வீட்டில்தான் இருந்தேன்.

அலுத்தது எது?

2025 கோடை லீவு வந்தது. மகள் ப்ளஸ் ஒன் முடித்திருந்தாள். அடுத்த வருஷம் பரீட்சை, அதற்கடுத்த வருஷம் எந்த ஊர் காலேஜோ. எல்லோருமாகச் சேர்ந்து போவதற்கு இதை விட்டால் வேளை கிடைக்காது. இரண்டு வருஷச் சீட்டுப் பணமும் கையில் வந்திருந்தது. "பழகின கப்பலே போதுமே. வயசானவங்களையும் கூட்டிட்டுப் போறோம்" என்றார் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு தாளை எடுத்து மூன்று கேள்வி எழுதினேன். அலுத்தது ஊரா? கப்பலா? கப்பலில் நாம் இருக்கும் விதமா? ஊர்தான் அலுத்தது என்றால் கப்பலை மாற்ற வேண்டாம். அதே கம்பெனியில் வேறு வழித்தடம் எடுத்தால் போதும், செலவும் மிச்சம். நாங்கள் இரண்டு தடவை வழியை மாற்றிப் பார்த்தாயிற்று. கப்பல் அலுத்தது என்றால் வேறு கம்பெனி. மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேலைகளைப் பிரித்துக் கொடுத்தும் பார்த்தேன், "உனக்குத்தான் தெரியுமே" என்று எல்லாம் திரும்பி என்னிடமே வந்தன. எனக்கே தெரியாத இடத்துக்குப் போனால்தான் இது தீரும் என்று தோன்றியது.

அப்போதுதான் அத்தை – என் மாமியார் – வாயைத் திறந்தார். "ஏம்மா, பினாங்குக்குப் போற கப்பல் ஏதாச்சும் இருக்கா?"

அத்தையின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய், ஒரு கடையில் கணக்கெழுதியவர். அந்தக் காலத்தில் கப்பலைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. 1926-ல் கட்டிய 'ரஜூலா', சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1984 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. அப்பா வருஷக் கணக்கில் இருந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசையை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதற்கு மேல் கணவர் மறுப்புச் சொல்லவில்லை.

புதுக் கப்பல்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 'கென்டிங் டிரீம்' கப்பலைப் பிடித்தோம். பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம். 2016-ல் ஜெர்மனியில் கட்டிய கப்பல் இது. நீளம் 335 மீட்டர், பதினெட்டுத் தளம், எடைக் கணக்கில் எம்ப்ரஸைப் போல மூன்று மடங்கு. இதன் பழைய கம்பெனி 2022-ல் நொடித்துப் போக, அதே வருஷம் ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு என்ற புதுப் பெயரில் ஓட ஆரம்பித்தது. கப்பலும் கை மாறும், கம்பெனியும் மாறும். ஆகவே பழைய பெயரையோ, ஐந்து வருஷத்துக்கு முன் போனவர் சொன்னதையோ நம்பிப் பணம் கட்டாமல், இன்றைக்கு யார் நடத்துகிறார்கள், என்னென்ன தருகிறார்கள் என்று விசாரிப்பது நல்லது.

முதலில் இழப்பைச் சொல்லி விடுகிறேன். விமானச் செலவு தனி. நெய்வேலிக்காரர்களுக்குத் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூர் விமானம் உண்டு என்றாலும், கப்பலைத் தொடுவதற்குள்ளேயே பாதிச் சீட்டுப் பணம் கரைந்தது. பழைய கப்பலில் பக்கத்து மேஜையிலேயே தமிழ்ப் பேச்சு கேட்கும். இங்கே ஆங்கிலமும் சீனமும்தான் அதிகம். சைவ இந்தியச் சாப்பாடு கிடைத்தது, ஆனாலும் இரண்டாம் நாளே அத்தை ரசத்துக்கு ஏங்கினார். நடை முழுவதும் நீளம்! மூட்டு வலிக்காரர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

கிடைத்தது என்ன தெரியுமா? முதல் நாள் சாயங்காலம் மகன் ஓடி வந்தான். "அம்மா, சாப்பாட்டு ஹால் எங்கே?" "எனக்குத் தெரியாதுடா கண்ணு, நீயே கேட்டுட்டு வந்து எங்களுக்குச் சொல்லு." ஒரு நிமிஷம் முழித்தான். அப்புறம் போனான். அரை மணியில் மூன்று தளத்து வழியையும் தெரிந்து கொண்டு வந்து, பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். மறுநாள் காலையில், "அம்மாவை நான் டிபனுக்குக் கூட்டிட்டுப் போறேன், நீ மெதுவா வா" என்றார் கணவர்! எல்லோருக்கும் ஒன்றுபோலப் புதிய இடம். ஆகவே எல்லோரும் ஒன்றுபோலத் தேடினோம். நான் காப்பிக் கோப்பையோடு கம்பி ஓரம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவதில் எவ்வளவு சுகம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

பினாங்கில் துறைமுகத்திலிருந்து 'குட்டி இந்தியா' கிட்டத்திலேயே இருக்கிறது. பூக்கடை, பாத்திரக் கடை, தமிழ்ப் பாட்டு. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அர்ச்சனை செய்தோம். அங்கிருந்து சில அடி தூரத்தில் மார்க்கெட் தெரு. அத்தையிடம் இருந்த அடையாளம் அந்தத் தெருப் பெயர் ஒன்றுதான். கடை எது என்று தெரியாது. தேடவும் வேண்டாம் என்றுவிட்டார். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு தடவை நடந்தார். "இங்கேதான் எங்கப்பா நடந்திருப்பாரு" என்றார். மகள் பாட்டியின் தோளைப் பிடித்துக் கொண்டு கூடவே நடந்தாள். அன்று முழுவதும் அவள் போர்வைக்குள் போகவில்லை.

நீங்களும் மாற்றுவதாக இருந்தால்

* டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஊழியர் அன்பளிப்பு, துறைமுகக் கட்டணம், பானங்கள், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, விமானம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

* சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குவதால், பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பாருங்கள். மலேசியா விதிகளையும் கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்.

* கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கம்பெனிகள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை; ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தைகளையும் அப்படியே. பணம் கட்டும் முன் கேட்டு விடுங்கள்.

* தலைசுற்றலுக்குப் பயந்தவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், முட்டவும் சாப்பிடாதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கும். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டுத்தான். பருவமழை மாதங்களில் வங்கக் கடலில் அலை அதிகம்; மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது.

* பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்.

* சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கப்பல்களில் சில சமயம் பரவும் வாந்தி பேதிக் கிருமிக்குக் கையில் தடவும் திரவம் மட்டும் போதாது.

* கப்பல் டாக்டருக்குத் தனிக் கட்டணம் உண்டு. மருத்துவச் செலவை ஏற்கும் பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

* கப்பல் கிளம்பியதும் செல்போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். கடல் நடுவே தானாக வேறு இணைப்புப் பிடித்து, பெரிய பில் வந்துவிடும்.

* நீச்சல் குளத்தில் காவலர் இருப்பார் என்று நம்பிக் குழந்தையை விடாதீர்கள். உங்கள் கண்தான் காவல்.

பழைய கப்பலை நாங்கள் ஒரேயடியாகக் கைவிடவில்லை. அத்தைக்குத் தூரப் பயணம் இனிமேல் முடியாமல் போகலாம், செலவும் கையைக் கடிக்கலாம். அப்போது கிட்டத்தில் கிளம்பும் கப்பல்தான் சௌகரியம். ஆனால் அங்கே போனாலும் விசாரணை நிலையம் திறக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மகன் இப்போதே, "அடுத்த தடவை வழி கண்டுபிடிக்கிறது என் வேலை" என்கிறான். விடுமுறை அலுத்துப் போயிற்று என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், உடனே பெரிய கப்பலையும் தூர தேசத்தையும் தேட வேண்டாம். அந்த விடுமுறையில் யார் ஓய்ந்து உட்கார்ந்தார்கள், யார் ஓடிக்கொண்டே இருந்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஓடினவருக்கு எது ஓய்வு தருமோ, அந்தக் கப்பலில் ஏறுங்கள்.