இல்லத்தில் எறும்பு: தீங்கின்றி விலக்கும் வழி

அரிசி மாவினால் வாசலிற் கோலமிடுதல் நம்முடைய பழைய வழக்கம். அது அழகுக்காக மட்டுமன்று, எறும்பு முதலிய சிற்றுயிர்களும் உண்டு பசியாறட்டும் என்பதற்காகவே என்று பெரியோர் கூறுவர். வாசலில் விருந்தாளியாக இருக்கும் அவ்வெறும்பு, அடுக்களைக்குள் நுழைந்ததும் பகையாகிவிடுகிறது. அப்பகையைத் தீர்க்க நாம் கையாளும் முறைகளிற் சில, எறும்பைக் காட்டிலும் நமக்கே மிகுந்த கேடு தருவன. ஆகவே, இதுபற்றிச் சங்க அங்கத்தினர்கள் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

சென்ற ஐப்பசி மழையின்போது, தணிக்கையின் பொருட்டு ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நெசவும் சிறிது பயிர்த்தொழிலும் செய்யும் அங்கத்தினர் ஒருவரின் வீட்டில், தறிக்கு அருகே தூளி கட்டியிருந்தது. தூளியின் கீழே, தரையில் வெண்பொடியால் ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது. அஃது என்னவென்று வினவினேன். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் எஞ்சியது என்றனர். “குழந்தையை எறும்பு கடிக்கிறதே ஐயா, வேறு என்ன செய்வது?” என்று குழந்தையின் தாய் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. எனினும், தவழத் தொடங்கும் குழந்தை முதலில் தொடுவது தரையை. தொட்ட கையை அடுத்து வைப்பது வாயில். அன்றே அப்பொடியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். நல்லவேளையாகத் தீங்கு ஏதும் நேரவில்லை. அத்தாயின் கேள்விக்கு விடையே இக்கட்டுரை.

எறும்பு ஏன் வருகிறது?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான பகுதியில் தொழிற்சாலைகள் பெருகி, புன்செய்யும் புதர்க்காடும் வீட்டுமனைகளாகி வருகின்றன. மண்ணுக்குள் வாழும் எறும்புகளின் குடியிருப்பின் மேலேயே நாம் குடியேறியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழையில் வளைகளுள் நீர் புகும்போது, அவை தம் இளம்புழுக்களைக் கவ்விக்கொண்டு மேடான இடத்தை நாடுகின்றன. நம் வீட்டுத் தளமே அவற்றிற்கு அந்த மேடாகிவிடுகிறது.

நமது சங்கங்களைப் போலவே எறும்புக் கூட்டத்திலும் வேலைப் பங்கீடு உண்டு. இரை தேடி வெளியே வருவது கூட்டத்தின் ஒரு பகுதியே. முட்டையிடும் ராணியும் இளம்புழுக்களும் உள்ளேயே இருக்கும். இரையைக் கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் ஒருவகை மணப்பொருளைத் தரையில் இட்டுச் செல்கிறது. மற்றவை அதனைப் பற்றிக்கொண்டு சாரையாக வருகின்றன. ஆகையால், சாரையில் வந்தவற்றை நசுக்குவதால் மட்டும் பயனில்லை. இரையும் மணமும் உள்ளவரையில் வேறு எறும்புகள் வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் நிறமுள்ள மிகச் சிறிய எறும்பு வகை ஒன்றில், மருந்து தெளித்தால் ஒரு கூட்டம் பலவாகப் பிரிந்து வீட்டின் பல மூலைகளில் குடியேறுவதும் உண்டு.

செய்யத்தக்கவை

முதலாவது, இரையை அகற்றுக. சர்க்கரை, வெல்லம், நெய், கருவாடு ஆகியவற்றை இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். எச்சிற் பாத்திரங்களை இரவு முழுதும் கிடக்க விடவேண்டாம். தானிய மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டைகளின் மேல் அடுக்குங்கள்.

இரண்டாவது, மணத்தை அழிக்க. சாரை வந்த வழியைச் சோப்பு நீரால் துடைத்தால், பின்வரும் எறும்புகள் வழி தெரியாமல் திரும்பும்.

மூன்றாவது, வழியை அடைக்க. சாரை எந்த வெடிப்பிலிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கண்டறிந்து, அதனைச் சிமெண்டால் பூசுங்கள். குழித்தறி உடையோர், குழியின் சுவரையும் அடியையும் மழைக்காலத்திற்கு முன்பே பூசி உலர வைத்தால் மிதிக்கும் காலுக்குக் கடி நேராது.

நான்காவது, தடுப்பு வைக்க. அலமாரி, கட்டில் ஆகியவற்றின் கால்களைச் சோப்பு கலந்த நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தலாம். கொசு முட்டையிடாதபடி அந்நீரை வாரத்திற்கு இருமுறை மாற்றுக. தூளியின் கயிற்றில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், வேப்பெண்ணெயில் தோய்த்த துணியைச் சுற்றி, நாள்தோறும் புதுப்பித்தால் எறும்பு இறங்குவது குறையும். பால் சிந்திய துணியை உடனே மாற்றுதல் அதனினும் முக்கியம்.

பெரும்பாலான வீடுகளுக்கு இவையே போதும். கடிக்காமல் அங்குமிங்கும் ஓடும் கரிய பிள்ளையார் எறும்பைக் கொல்லவேண்டிய தேவையே இல்லை. துடைப்பத்தால் மெல்லத் தள்ளி வெளியே விட்டுவிடலாம்.

கொன்றே தீரவேண்டுமெனில்

கொட்டும் நெருப்பெறும்பு வீட்டிற்குள் நிலைத்துவிட்டால் வாளாவிருத்தல் இயலாது. வீட்டு எறும்புகளுள் பல இனிப்பை நாடுவன. அவற்றிற்கு 100 மில்லி நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் வெண்காரமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கலாம். வெண்காரம் மெதுவாகவே வேலை செய்யும். அதுவே அதன் சிறப்பு. எறும்புகள் உண்டதை ஒன்றுக்கொன்று வாயால் ஊட்டுவதால், அது வளைக்குள் இருக்கும் ராணி வரை சென்று சேர்கிறது. அளவை மிகுத்தால் எறும்பு வழியிலேயே மடியும், வளை பிழைத்துக்கொள்ளும். வெண்காரமும் குழந்தைகளுக்கு ஆகாதது. ஆகவே, சிறு துளையிட்ட தகர டப்பாவுக்குள் பஞ்சை வைத்து மூடி, எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எறும்புச் சாக்குக்கட்டி என்று விற்பதும் பூச்சிக்கொல்லியே. சிலேட்டில் எழுதும் சாக்கைப் போன்றே இருப்பதால் பிள்ளைகள் கையிலெடுத்து வாயில் வைக்கக்கூடும். வயல் மருந்தோ வீட்டிற்குள் எக்காரணத்தாலும் கூடாது. பூச்சிமருந்துப் பொதியின்மேல் உள்ள சாய்சதுர அடையாளத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரமானது, பச்சை அவற்றினும் குறைந்தது. போரேட் குருணை, டைகுளோர்வாஸ் ஆகிய இரண்டும் நம் நாட்டில் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு விலக்கப்பட்டுவிட்டன. பழைய இருப்பு பரணில் இருந்தாலும் அதனைத் தொடாதீர்கள். எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது பெருந்தவறு. தவறிப்போய் எவரேனும் உட்கொண்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாமல் 108க்குத் தெரிவித்து, மருந்துப் பொதியையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எறும்பு கொட்டியபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அப்போதும் காலதாமதம் கூடாது.

தோட்டத்திலும் அதே விதி

வீட்டை ஒட்டிய செம்பருத்தி, எலுமிச்சை ஆகியவற்றில் மாவுப்பூச்சியும் அசுவினியும் இருந்தால், அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும். செடியை நீரால் பீய்ச்சிக் கழுவி அப்பூச்சிகளை நீக்கினால் எறும்புகளின் வரவு தானே குறையும்.

இவ்வுண்மைக்குப் பெரிய சான்று ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டில், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரச் சிற்றூர்களில் ‘மஞ்சள் பைத்திய எறும்பு’ பெருகி, ஆடுமாடுகளின் கண்களைத் தாக்கி, உழவரையும் மேய்ப்பரையும் பெரிதும் வருத்தியது. இவ்வெறும்பு கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. இதே எறும்பு, ஆஸ்திரேலியாவிற்குரிய கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளை அழித்தது. வானூர்தியிலிருந்து நச்சிரை தூவியும் அது மீண்டும் தலையெடுத்தது. அங்கே அதற்கு இனிப்பு நீர் வழங்கிவந்தது மரங்களில் ஒட்டிவாழும் ஒருவகைச் செதிற்பூச்சி. அப்பூச்சியை அழிக்கவல்ல நுண்குளவியை மலேசியாவிலிருந்து கொணர்ந்து 2016இல் விட்டனர். எறும்பை நேரே தாக்காமல் அதன் உணவை ஒழிப்பதே அம்முயற்சியின் நோக்கம். ஒரு தீவுக்குப் பொருந்தும் விதி ஓர் அடுக்களைக்கும் பொருந்தும். நம் ஊரில் இத்தகைய பெருந்திரள் தென்படின், தனித்தனியே மருந்திடாமல் வேளாண்மைத் துறைக்கு உடனே தெரிவிப்பதே முறை.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு வருமுன், உங்கள் வீட்டிலுள்ள பூச்சிமருந்துகளை ஒருமுறை கணக்கெடுங்கள். அவற்றைப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்; பெயர்ச்சீட்டு இல்லாதவற்றையும் விலக்கப்பட்டவற்றையும் எவ்வாறு அப்புறப்படுத்துவது என வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். எறும்பு கடித்த தடிப்பு சில நாட்களில் ஆறிவிடும். நாம் கவனமின்றித் தூவிய நஞ்சினால் வரும் கேடு அவ்வளவு எளிதில் ஆறாது.