உப்பு அரிக்கும் சங்கிலி

சைக்கிள் ஊர்கள் – 9

சென்ற வாரம் கடும் வெயிலில் மிதிப்பவர்களின் பாட்டைப் பார்த்தோம். இந்த வாரம் கனடாவின் மாண்ட்ரியல். ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் பனி கொட்டும் ஊர். அங்கேயும் ஜனவரி காலையில் சைக்கிளில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. 2009-இல் தொடங்கிய ‘பிக்சி’ பொதுச் சைக்கிள் சேவை, 2023 கடைசியில் முதன்முறையாகக் குளிர்காலத்துக்கும் நீண்டது. டயரில் ஆணி பதித்த வண்டிகள் தெருவுக்கு வந்தன.

வழுக்கும் பனிக்கட்டியை ஆணி டயர் சமாளித்துவிடும். உப்பைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. சாலைப் பனியை உருக்கக் கனடா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு இறைக்கப்படுகிறது. உருகிய பனியும் உப்பும் மணலும் கலந்த சேறு செயினில் அப்பி, பற்சக்கர இடுக்குகளில் புகுந்துகொள்ளும். துடைத்து எண்ணெய் விடாமல் சில நாள் போட்டுவைத்தால் செயின் கணுக்கள் துருவேறி இறுகிவிடும். ரிம்மைக் கவ்வும் பிரேக் என்றால், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கிய மணல், பிடிக்கும்போதெல்லாம் ரிம்மையே தேய்க்கும்.

வண்டியை வீட்டுக்குள் ஏற்றினால் தப்பிக்குமா? வீட்டுச் சூட்டில் ஒட்டியிருந்த பனி உருகி, கேபிள் உறைக்குள் இறங்கும். உப்புநீர் காயும்வரை துரு இன்னும் வேகமெடுக்கும். மறுநாள் வெளியே எடுத்ததும் கேபிளுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, பிரேக் அசையாது. குளிர் கடுமையானால் ஃப்ரீவீல் கிரீஸும் கெட்டிப்படும்; உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் பல்லில் விழாது. பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் பலர் நல்ல சைக்கிளை மாட்டிவைத்துவிட்டு, கியர் இல்லாத பழைய வண்டி ஒன்றைக் குளிர்காலத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுபவரின் உடம்பு படும் பாடு வேறு. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 30 போல உறைக்கும். அந்தக் குளிரில் மூடாத தோல் அரை மணிக்குள் உறைந்து புண்ணாகலாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சூட்டைக் காப்பாற்ற, உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. முதுகு வேர்த்து நனையும். அதே நேரம் கால்விரல் மரத்துப்போகும். சிக்னலில் நின்றால் அந்த வேர்வையே குளிரேற்றும். வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கி இருமலைக் கிளப்பும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது பெரும் அவதி.

இத்தனைக்கும் குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது. பின்லாந்தின் ஓவுலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே பள்ளிக் குழந்தைகளும் பனியில் சைக்கிளில்தான் போகிறார்கள். சாலையிலிருந்து பிரிந்த தனித் தடங்கள். அவற்றில் பனியை வழித்து, மிச்சத்தைக் கெட்டியாக அமுக்கி, பொடிக்கல் தூவுகிறார்கள். சேறு குறைவு, அதனால் துருவும் குறைவு. குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் உலக மாநாடு 2013-இல் அங்குதான் கூடியது.

மாண்ட்ரியலும் முதன்மைத் தடங்களில் பனி அள்ளுகிறது. ஆனால் தடம் முடிந்து தெருவுக்குள் திரும்பும் இடத்தில் உப்புச்சேறு காத்திருக்கிறது. முதுகில் சாப்பாட்டுப் பையோடு போகும் தொழிலாளிக்குப் புதுச் செயினும் பிரேக் கேபிளும் கூலியிலிருந்துதான் போகின்றன. வானிலையை எந்த நகராட்சியாலும் மாற்ற முடியாது. பனியை எந்தத் தெருவில் முதலில் அள்ளுவது, எங்கே உப்பு இறைப்பது என்பதெல்லாம் அது எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்கான செலவை மிதிப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

(அடுத்த வாரம்: ஓவுலுவின் பனித்தடங்களைப் பராமரிப்பவர்கள்)