பார்வேட்டைக்கு மறுநாள்

மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஐயம்பேட்டையில் தறிச் சத்தம் கேட்காது. காஞ்சி வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்குப் பார்வேட்டைக்குப் போகிற நாள் அது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் வழிநெடுகக் கோலமும் தோரணமுமாக இருக்கும். இருட்டு பிரியாத பனியில் பல்லக்குக்காகக் காத்து நிற்போம். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வருஷம் என் தோளில் என் மகன். மலைமேல் மண்டபத்தில் எழுந்தருளிவிட்டு, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவார் பெருமாள். பேர்தான் வேட்டை, ஒரு முயலுக்குக்கூடக் காயம் படாது.

பல்லக்கு தாண்டிப் போனதும் மகன் கேட்டான்: "அப்பா, பெருமாள் மான் வேட்டையா ஆடுவாரு? நாமளும் ஒருநாள் போலாமா?"

மானைச் சுட்டால் ஜெயில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று சொன்னேன். அந்தச் சட்டம் வந்தது நல்லதுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கேட்ட 'நாமளும் போலாமா' என்னை விடவில்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் எத்தனையோ தலைமுறைகளாகப் பெரியவர்களிடம் கேட்டு வரும் கேள்வி அது. வேட்டைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா, போனால் அது என்ன கற்றுக்கொள்கிறது என்று மானிடவியலாளர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவில் மெல்கா குந்துரே என்ற இடத்தில், சுமார் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் படுகையில் காலடித் தடங்கள் கிடைத்தன. 2018இல் அந்த ஆய்வு வெளியானது. பக்கத்திலேயே கல்லாயுதங்களும், வெட்டிக் கூறுபோட்ட நீர்யானையின் எலும்புகளும் இருந்தன. தடங்களில் பெரியவர்களுடையவை சில. மற்றவை பிள்ளைகளுடையவை. ஒன்றிரண்டு வயதே ஆன குழந்தையின் பாதமும் அதில் உண்டு. கத்தி விளையாடும் இடத்துக்குக் கைக்குழந்தையைக் கூட்டி வந்திருக்கிறார்களே என்று நமக்குப் பதறுகிறது. அவர்களுக்கு அது வீட்டு முற்றம். நம் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடாரிகள் கிடைத்திருக்கின்றன. அங்கே மண்ணில் மனிதப் பாதத்தடம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கல்லைத் தட்டியவர்களின் பக்கத்தில் பிள்ளைகள் குந்தியிருக்கவில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆனால் மான் வேட்டை வேறு கதை. மானுக்குத் தலையின் இரண்டு பக்கமும் கண். கழுத்தைத் திருப்பாமலே பின்பக்கம்வரை ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்த்துவிடும். சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்கப் பளீரென்ற ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொண்டு காட்டில் உட்கார முடிகிறது. நிறத்தில் தவறவிடுவதை அசைவில் பிடித்துவிடும். காதுகள் தனித்தனியாகத் திரும்பும். காற்று நம் பக்கமிருந்து அடித்தால் மூக்கே போதும். கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானைப் பார்த்து நின்றவர்களுக்குத் தெரியும்: ஒரு மான் தலையை உயர்த்தி முன்காலைத் தரையில் தட்டினால் மந்தையே திரும்பிப் பார்க்கும். இப்படிப்பட்ட பிராணியின் முன்னால் ஏழு வயதுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரவைப்பது யாரால் ஆகும்?

தான்சானியாவின் ஹட்சா மக்கள் அதைச் செய்வதும் இல்லை. அப்பாக்கள் பெரிய வேட்டைக்குப் பெரும்பாலும் தனியாகப் போகிறார்கள். பையன்களுக்கு நடை பழகிய சில வருஷத்திலேயே சின்ன வில் கிடைத்துவிடும். குடியிருப்பைச் சுற்றிக் குருவியும் சின்னப் பிராணிகளும் தேடி, பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். ஆக, எல்லா வேட்டைச் சமூகமும் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது என்று சொன்னால் அது பொய். எந்த வேட்டையில் பிள்ளைக்கு இடம் உண்டு என்பதை இரைதான் தீர்மானிக்கிறது.

இரையை முடிவு செய்த பிறகும் வேட்டையைக் கற்றுத் தேறக் காலம் நிறைய வேண்டும். ஜெரமி காஸ்டர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வாளர் குழு உலகின் 40 இடங்களிலிருந்து, 1,800க்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களின் சுமார் 23,000 வேட்டைப் பதிவுகளைச் சேர்த்து 2020இல் வெளியிட்டது. ஓட்டமும் பலமும் இருபதுகளில் உச்சம். வேட்டைத் திறமையோ சராசரியாக 33 வயதில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அதன் பிறகும் மெல்லத்தான் குறைகிறது. காலில் இருக்கும் வேகத்தைவிடக் கண்ணும் காதும் சேர்த்துவைத்த அறிவுதான் பெரிது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மனிதக் குழந்தைப் பருவம் மற்ற குரங்கினங்களைவிட இவ்வளவு நீண்டதற்கே இப்படிக் கற்க வேண்டியது ஏராளமாக இருந்ததுதான் காரணம் என்று ஹில்லார்ட் கேப்லான் போன்ற மானிடவியலாளர்கள் வாதிடுகிறார்கள்.

மறுநாள், காணும் பொங்கலன்று, மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் கழனிப் பக்கம் போனேன். சம்பா அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்ற வயல். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து ஓர் இருளர் குடும்பம் எலி பிடிக்க வந்திருந்தது. அப்பா, அம்மா, பள்ளிக்கு விடுமுறை என்பதால் கூட வந்த எட்டு வயதிருக்கும் ஒரு பெண். கையில் கடப்பாரை, மண்வெட்டி, ஒரு மண்பானை.

அந்த அண்ணன் வரப்பில் நடந்த நடையைப் பார்த்தாலே பாடம். ஒவ்வொரு வளை வாயிலிலும் நின்று, குனிந்து, மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். வாயில் ஈரமான புதுமண் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. சிலந்தி நூல் கட்டியிருந்தால் காலி வீடு. வயல் எலியின் வளை வெறும் ஓட்டையாக இருக்காது. கிளை கிளையாகப் பிரிந்து, நடுவே வைக்கோல் மெத்தை போட்ட அறை, இன்னொரு பக்கம் கதிரைக் கடித்துக் கொண்டுபோய் அடுக்கிவைத்த களஞ்சியம். இவை போக, தப்பி ஓட ஒரு கள்ள வழி. அதன் வாயை உள்ளிருந்தே மெல்லிய மண்ணால் மூடிவைத்திருக்கும், மேலே நின்றால் தெரியாது. வெட்டுவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் உழைப்பு வீண்.

அதைக் கண்டுபிடிப்பது அந்தப் பெண்ணின் வேலை. யாரும் அவளிடம் 'இப்படிப் பார், அப்படிப் பார்' என்று சொல்லவில்லை. அவர் கடப்பாரையை நட்டுவிட்டு நின்றார். அவள் சுற்றி நடந்தாள். அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுக்காமல் கற்றுக்கொள்வது எப்படி? பார்பரா ரோகாஃப் என்ற உளவியலாளர் குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பல ஆண்டுகள் இதைத்தான் பார்த்தார். அவரும் மாரிசெலா கொரேயா சாவேஸும் சேர்ந்து செய்து 2009இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஒரு பிள்ளைக்கு ஒரு பொம்மை செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கூடப்பிறந்த இன்னொரு பிள்ளை பக்கத்தில் சும்மா காத்திருக்கிறது. மரபான மாயா குடும்பப் பிள்ளைகள், தங்களுக்கு அல்ல என்று தெரிந்தும் அந்தப் பாடத்தைக் கூர்ந்து கவனித்தார்கள். அமெரிக்க நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. பிறகு அதே பொம்மையைச் செய்யச் சொன்னபோது, கவனித்த பிள்ளைகளுக்கு உதவி குறைவாகவே தேவைப்பட்டது. 'உனக்குச் சொல்லவில்லை' என்று ஒதுக்காத வீட்டில் வளரும் பிள்ளை, எல்லாமே தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் குழித்தறிதான் நினைவுக்கு வந்தது. கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் தேவை. பள்ளி விட்டு வந்ததும் அந்த ஆள் நான். அப்பா எனக்கு எதையும் விளக்கியதில்லை. இழை அறுந்தால் தறியின் சத்தம் மாறும் என்பது ஒருநாள் எனக்குத் தானாகத் தெரிந்திருந்தது. எப்போது கற்றேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது.

ஆனால் இதை இனிப்பாக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என் வயதுப் பிள்ளைகள் சிலர் அதே தறிக்குப் பக்கத்தில், அப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கு வரவேயில்லை. 1990களில் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் பிள்ளைகள் வேலை செய்வது நாடு முழுக்கப் பேசப்பட்டது. பேசியதால்தான் குறைந்தது. இருளர் பிள்ளைகளுக்கு அரிசி ஆலையும் செங்கல் சூளையும் அதே கொடுமையைச் செய்தன. கூட நடப்பதும் கடனுக்கு உட்காருவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஒரே ஒரு கேள்வி இரண்டையும் பிரித்துவிடும்: அந்தப் பிள்ளை அலுத்துப்போனால் எழுந்து போகலாமா?

எலி வேட்டையிலும் ஆபத்து இருக்கிறது. பானையில் வைக்கோலை அடைத்துக் கொளுத்தி, அதன் வாயை வளைமேல் கவிழ்த்து, அடியிலுள்ள சின்ன ஓட்டையில் வாயை வைத்து ஊதுவார்கள். புகை உள்ளே போகும். ஊதுகிறவர் நுரையீரலுக்கும் போகும். சூட்டில் உதடு வெந்துவிடும். சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் காலிலுள்ள சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் வரலாம். அன்று அந்த அம்மா பானையை எடுத்ததும் மகளைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். அவர் வாய் திறந்து சொன்ன ஒரே பாடம் அதுதான்.

வளைக்குள் எலிதான் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. எலியைத் தேடி நுழைந்த நல்ல பாம்பு இருக்கலாம், கண்ணாடிவிரியன் இருக்கலாம். பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு 1976இல் தடை வந்து இருளர்களின் பிழைப்பு போனபோது, பாம்பைக் கண்டு பிடிக்கும் அவர்களுடைய அறிவைக் காப்பாற்றியது 1978இல் பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னெடுப்பில் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷமும் அங்கிருந்து விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தப்பிப் பிழைத்த ஒவ்வொருவருக்கும் போட்ட ஊசிக்குப் பின்னால், எங்கோ ஒரு வரப்பில் அப்பாவின் பின்னால் நடந்த ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

செங்கல்பட்டுப் பக்கத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அப்படிப் பெரியவர்களோடு அலைந்து கற்றவர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே காட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளை அந்த ஊர்க்காரர்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் அதுவரை பார்த்தே இராத ஊரில் முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

துப்பாக்கியும் சிலரை எதிர்பாராத வழியில் திருப்பியிருக்கிறது. பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது, மாமா கொடுத்த ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அப்படி இருக்காதே என்று மாமாவைக் கேட்டார். வேட்டையில் பிரியமுள்ள அந்த மாமாவுக்கும் தெரியவில்லை. 'தெரியாது' என்று சொல்லி நிறுத்தாமல், 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் பையனை அனுப்பிவைத்தார். குருவி செத்தது செத்ததுதான். ஆனால் பெரியவர் ஒருவர் அந்தக் கேள்வியை மதித்தார்.

கழனியில் வெயில் ஏறியிருந்தது. அந்தப் பெண் வரப்பில் குப்புறப் படுத்து, காதை மண்ணில் வைத்தாள். அவள் அப்பா கடப்பாரையை ஊன்றியபடி அசையாமல் நின்றார். கையில் வேலை இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இருந்தும் அவசரப்படுத்தவில்லை. என் மகன் என்னை ஒருமுறை பார்த்தான். பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் பக்கத்தில் படுத்துக் காதை வைத்தான்.

"கேக்குதா?" என்றாள்.

"இல்ல."

"கண்ண மூடிக்கினு கேளு."

மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது எனக்கு. பிறகு அவன் கை மெல்ல எழுந்து, வரப்பின் மறுபக்கம் ஓரிடத்தைக் காட்டியது. அந்தப் பெண் அவன் விரலைப் பிடித்து, ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாள்.

"இங்க, நைனா" என்றாள்.