உங்களுக்குத் தெரியுமா? பத்து, ஒன்பது, எட்டு!

ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச உதவி எண், 1996இல் மும்பையில் பிறந்தது. டாடா சமூக அறிவியல் கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா, தெருவோரக் குழந்தைகளோடு பழகியபோது உருவாக்கிய திட்டம் இது. இரவில் அடிபட்டாலோ போலீஸ் பிடித்தாலோ அவர்கள் கூப்பிட ஆள் வேண்டுமே! எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. இந்தியில் 'தஸ், நௌ, ஆட்' என்று இறங்குவரிசையில் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மறக்காது. பெரிய விளம்பர நிறுவனம்கூட இவ்வளவு எளிதாக யோசித்திருக்குமா என்பது சந்தேகமே.

அழைப்பை எடுத்தவர் எங்கிருந்தாலும், குழந்தையைத் தேடி நேரில் போனவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டு நிறுவனத்தார்தாம். ஓடிவந்த பிள்ளைகள் முதலில் வந்திறங்குவது ரயில் நிலையம் என்பதால் பல நிலையங்களிலும் உதவி மையங்கள் வந்தன. 2023 முதல் இந்தப் பொறுப்பு படிப்படியாக அரசின் கைக்கு மாறியது. எண் மட்டும் மாறவில்லை.

இன்னொன்று: வரும் அழைப்புகளில் பல, ஒரு வார்த்தையும் பேசாத மௌன அழைப்புகள். ஊழியர்கள் அவற்றைத் துண்டிப்பதில்லை. பயந்த பிள்ளை இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்த பிறகே வாய் திறக்கலாம்.