பெயரோடு எழுதிய பட்டியல்
வீடற்றோர் பணியில் கம்ப்யூட்டர் பதிவுகள் செய்யும் உதவி



நிமோனியா காய்ச்சலோடு வந்த ஒருவரை வார்டில் சேர்த்து, ஊசி மருந்து கொடுத்து, ஒரு வாரத்தில் எழுந்து நடக்க வைத்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாசலைத் தாண்டியதும் அவர் போய்ப் படுக்க ஒரு கூரை இல்லை. அந்த மருந்தின் பலன் எத்தனை நாள் நிற்கும்? ரணத்துக்குக் கட்டுப் போட்டவர் ஈரத் தரையில் படுத்தால் கட்டும் வீண், மருந்தும் வீண். வீடில்லாமை ஒரு சமுதாயப் பிரச்சினை மட்டும் அல்ல, உயிரைக் குடிக்கும் பிரச்சினையும்கூட. இதைக் குறைக்க அமெரிக்காவின் சில நகரங்கள் கம்ப்யூட்டர் பதிவுகளை எவ்வாறு பயன்படுத்தின என்பதை இந்த இதழில் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தலையை எண்ணினால் போதுமா?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி கடைசியில் ஒரு குறிப்பிட்ட இரவில் வீடற்றோரை எண்ணுகிறார்கள். சமூகப் பணியாளர்களோடு தன்னார்வத் தொண்டர்களும், சபை அங்கத்தினர் பலரும் கையில் டார்ச் விளக்குடன் பாலங்களின் அடியிலும் பூங்காக்களிலும் தேடிச் செல்கிறார்கள். 2024 ஜனவரியில் அப்படி எண்ணப்பட்டவர்கள் 7,71,480 பேர். முந்தைய ஆண்டைவிட இது 18 சதவீதம் அதிகம்.

இந்தக் கணக்கு பிரச்சினையின் அளவைக் காட்டும். ஆனால் இன்றிரவு எண்ணப்பட்டவர் யார், அவருக்கு என்ன வியாதி, சென்ற ஆண்டு எண்ணப்பட்டவரும் இவரும் ஒருவர்தானா என்பதைக் காட்டாது. வார்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்த மருத்துவர் யாருக்கு என்ன மருந்து எழுதுவார்? ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கேஸ் ஷீட் வேண்டும் அல்லவா?

பதிவேடு சொன்ன உண்மை

நியூயார்க், பிலடெல்பியா ஆகிய நகரங்களின் இரவுக் காப்பகங்கள், வந்து தங்குவோரின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிந்து வந்தன. டென்னிஸ் கல்ஹேன் என்ற பேராசிரியரும் ராண்டல் குன் என்பவரும் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து 1998இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் சில காலம் தங்கிவிட்டு வெளியேறியவர்கள். வேலை இழப்பு, குடும்பச் சண்டை போன்ற ஒரு நெருக்கடியில் வந்து, அது தீர்ந்ததும் போனவர்கள். இன்னொரு 10 சதவீதம் பேர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். மீதி 10 சதவீதம் பேர் மட்டும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். காப்பகங்களின் மொத்தத் தங்கும் நாட்களில் ஏறக்குறைய பாதியை இந்தச் சிறு கூட்டமே எடுத்துக்கொண்டது.

இதன் பொருள் என்ன? எல்லோருக்கும் ஒரே உதவியைக் கொடுப்பது சரியல்ல. பெரும்பாலோருக்கு ஒரு மாத வாடகையோ சிறு கைதூக்கலோ போதும். நீண்ட காலம் தெருவில் கிடப்பவருக்கு நிலையான வீடும், அதோடு மருத்துவக் கவனிப்பும் வேண்டும். பதிவேட்டைக் கூட்டிப் பார்க்காதவரை இந்த வித்தியாசம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

மருத்துவர் காட்டிய அடையாளங்கள்

பாஸ்டன் நகரில் 1985 முதல் தெருவாசிகளுக்கு வைத்தியம் செய்து வருபவர் டாக்டர் ஜிம் ஓ'கானல். தெருவில் மரிப்பவர்களைப் பற்றி அவரும் உடன் பணியாளர்களும் செய்த ஆராய்ச்சியில் சில அடையாளங்கள் தெரியவந்தன. அறுபது வயதைத் தாண்டியவர், ஈரல் அல்லது சிறுநீரகம் கெட்டவர், எச்.ஐ.வி. உள்ளவர், பனியில் கைகால் மரத்துப் புண்ணானவர், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அடிக்கடி வருபவர், மனநோய், போதைப்பழக்கம், நாள்பட்ட சரீர நோய் ஆகிய மூன்றும் சேர்ந்தவர், இவர்களே முதலில் மரிக்கும் அபாயத்தில் இருப்பவர்கள்.

இந்த அடையாளங்களைக் கேள்வித்தாளாக்கி, அதிகாலையில் தெருத்தெருவாகப் போய்ப் பெயரோடு எழுதி வந்தார்கள். ரோசான் ஹாகர்டி என்ற அம்மையார் முன்னின்று நடத்திய "ஒரு லட்சம் வீடுகள்" இயக்கம் 2010 ஜூலை முதல் 2014 ஜூலை வரை இவ்வாறு 186 ஊர்களில் வேலை செய்து 1,05,580 பேரை வீட்டில் குடியமர்த்தியது.

ஒரே மேஜை, ஒரே பட்டியல்

அதன் தொடர்ச்சியாக 2015இல் தொடங்கிய முயற்சியில் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரமும் சேர்ந்தது. சுமார் ஒன்றரை லட்சம் ஜனங்கள் உள்ள ஊர் அது. இம்முறையில் சேரும் ஊர்கள் செய்வது எளிய காரியம்தான். ஊரில் வீடற்ற ஒவ்வொருவரும் சம்மதத்தோடு ஒரே பட்டியலில் பதியப்படுகிறார். காப்பகம், மருத்துவமனை, வீட்டுவசதி அலுவலகம், படைவீரர் நலத்துறை ஆகியவற்றின் பணியாளர்கள் ஒரே மேஜையைச் சுற்றி அடிக்கடி கூடுகிறார்கள். பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். "இவருக்கு அடையாள அட்டை இல்லை, யார் எடுத்துக் கொடுப்பது? இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், திங்கட்கிழமைக்குள் அறை தயாராகுமா?" என்று ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பு ஏற்கிறார்கள்.

இம்மாதம் புதிதாக வந்தவர் எத்தனை, வீடு சேர்ந்தவர் எத்தனை, வீடு கிடைத்தும் திரும்பத் தெருவுக்கு வந்தவர் எத்தனை என்று மாதந்தோறும் கணக்கெடுப்பதால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ராக்ஃபோர்டு 2015 டிசம்பரில் முன்னாள் படைவீரர்கள் விஷயத்திலும், 2017 தொடக்கத்தில் நீண்டகால வீடற்றோர் விஷயத்திலும் "செயல்முறைப் பூஜ்யம்" என்ற நிலையை எட்டியது. இனி யாருமே வீடிழக்க மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நோயாளிகள் வந்துகொண்டுதான் இருப்பார்கள், ஆனால் வராந்தாவில் யாரும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை என்ற நிலை போன்றது இது.

பட்டியல் மட்டும் வீடு ஆகாது

இதன் குறைகளையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. யாருக்கு முதலில் வீடு என்று தீர்மானிக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட மதிப்பெண் தாள் ஒன்றில், வெள்ளையருக்கே அதிக மதிப்பெண் விழுவதாக 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதை உருவாக்கியவர்களே 2020 டிசம்பரில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். தன் மனநோயையோ போதைப்பழக்கத்தையோ முன்பின் தெரியாதவரிடம் யார் மனம் திறந்து சொல்வார்? சொல்லாதவருக்கு மதிப்பெண் குறையும், வீடும் தள்ளிப்போகும். சொன்னவருடைய விவரங்கள் தவறான கைக்குப் போனால் அதுவும் அநீதியே. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது போல இதையும் காக்க வேண்டும்.

அடுத்தது, பட்டியலின் முடிவில் ஒரு சாவி இருக்க வேண்டும். ஹூஸ்டன் நகரம் இதற்குச் சாட்சி. 2011இல் அங்கே ஏறக்குறைய 8,500 வீடற்றோர் எண்ணப்பட்டார்கள். நூறுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே திட்டத்தின்கீழ் இணைந்து, குடியை விட்டால்தான் வீடு என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்து, பிறகு சிகிச்சைக்கு வழிசெய்தன. பத்தாண்டில் 25,000க்கும் அதிகமானோர் வீடு சேர்ந்தார்கள். எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வாடகைக்கு எடுக்கக்கூடிய வீடுகள் அங்கே இருந்ததால் இது கூடிற்று. வாடகை எட்டாத உயரத்துக்குப் போன நகரங்களில், எவ்வளவு நல்ல பட்டியல் வைத்திருந்தும் ஜனங்கள் தெருவிலேயே காத்திருக்கிறார்கள். 2024இன் எண்ணிக்கை கூடியதற்கு வீடுகளின் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்.

கொடுப்பவர் கேட்கவேண்டிய கேள்வி

அன்பானவர்களே, உதவி கேட்டு வரும் எந்த ஸ்தாபனத்திடமும் "எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டீர்கள், எத்தனை கம்பளி கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறோம். அது நல்ல கேள்விதான். அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: "சென்ற ஆண்டு கம்பளி வாங்கியவர் இன்று எங்கே இருக்கிறார்? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பதிவாளரும், ஒரு கம்ப்யூட்டரும், விவரம் சேகரிக்கத் தெருவில் நடக்கும் பணியாளரும் வேண்டும். இந்தச் செலவு போட்டோவில் அழகாகத் தெரியாது. ஆனாலும் மனமுவந்து இதற்கும் கொடுங்கள். ஒரு மனிதர் வீடு சேரும் வழி, அநேக நேரங்களில், அவர் பெயரை ஒருவர் சரியாக எழுதி வைத்ததிலிருந்துதான் தொடங்குகிறது.