டயருக்கும் தேதி உண்டு

தேதி பார்க்காமல் நாம் ஒரு பிஸ்கட் பெட்டிகூட வாங்குவதில்லை. ஆனால் சரக்கு வேனுக்கு டயர் வாங்கும்போது விலையை மட்டுமே கேட்கிறோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பல வருடம் கிடந்த டயரில் ரப்பர் இறுகி, வெடிப்பு விட்டிருக்கும்.

அளவுக்கு அடுத்துள்ள எண் எடையைக் குறிக்கும். 91 என்றால் ஒரு டயர் தாங்குவது 615 கிலோ. 100 என்றால் 800 கிலோ. வண்டியின் சொந்த எடையும் இதில் அடக்கம். ஏற்றும் மூட்டைகளின் பாரமோ பெரும்பாலும் பின் டயர்களில்தான் இறங்குகிறது. மலிவென்று கார் டயரை மாட்டி, நாலு மூட்டை கூடுதலாக ஏற்றினால் வழியில் வெடிக்கும்.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுவோம். நட்டமான சரக்கை மறுபடி வாங்கலாம். நம்மை நம்பி ஓட்டுகிற டிரைவரின் உயிரை வாங்க முடியாது.